இழிசொல் உள்ள புத்தகம் பள்ளிக்கூடத்திற்கு ஆகுமா?

(விருதுநகரில் கூடிய சுயமரியாதைப் பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று பேசும்படி எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பற்றியதாகும். பழைய இலக்கியங்களிலும், கதைகளிலும், சரித்திரங்களிலும் ஒரு ஜாதியாரையோ ஓர் இனத்தாரையோ இழித்துக் கூறும் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அப்படிப்பட்டவைகளைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்கலாமா, கூடாதா என்பது கேள்வி. வைக்கலாம் என்கிற கட்சியார், "அது இலக்கியம், அதில் யாரும் கைவைக்கக் கூடாது" என்கிறார்கள். கூடாது என்கிற கட்சியார், "எங்கள் மனம் புண்படுகிறது, அந்தப் பக்கத்தைக் கிழித்தெறி" என்கிறார்கள். இந்த இரண்டு கட்சியார் சொல்லுவதிலும் பாதிதான் சரி என்பது என்னுடைய அபிப்பிராயம்.

இதைப் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. விருதுநகரும் சிவகாசியும் சாத்தூரும் இழிசொல்லை வாங்கிக் கட்டிக் கொண்டவர்களின் ஊர்கள். அந்த இழிசொல்லை எதிர்த்து நின்று, பள்ளிக்கூடம் கட்டி, கடை வைத்து, தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்த்துத் தலைநிமிர்ந்தவர்களின் ஊர்கள். அதே சமயத்தில், தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கும் ஒருவன்மீது அதே மாதிரி இழிசொல்லை இன்றும் கூசாமல் வீசுகிறவர்களும் இருக்கிற ஊர்கள். ஆகவே வாங்கினவனுடைய வலியையும் கொடுத்தவனுடைய குற்றத்தையும் ஒரே கூட்டத்தில் வைத்துப் பேச இங்கேதான் முடியும்.

2012ஆம் வருஷத்துச் சங்கதி

முதலில் நம் வீட்டு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். டில்லியிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. என்ற ஸ்தாபனம் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில், மனிதர்கள் உடுத்திய உடையின் சரித்திரத்தைச் சொல்லும் பாடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பகுதி திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைக் கலகத்தைப் பற்றியது. மேல்ஜாதி என்று சொல்லிக் கொண்டவர்களுக்கு முன்னால் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. அந்த ஜாதியார் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை பூணக் கூடாது என்றிருந்த கொடுமையை அந்தப் பாடம் சொல்லிற்று. 1822இல் சீலை போட்ட பெண்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள் என்று சொல்லிற்று. 1829இல் திருவிதாங்கூர் சர்க்கார் மேல்சீலை கூடாது என்று உத்தரவு போட்டதையும், பிறகு பெரிய கலகம் நடந்து 1859இல் மறைத்துக் கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது என்று இன்னொரு உத்தரவு போட்டதையும் சொல்லிற்று.

அதே பாடத்தில் இந்த மக்களைப் பனையேறிகள் என்றும், தெற்கே திருவிதாங்கூருக்குக் குடியேறி வந்து நாயர் நிலக்காரர்களிடம் வேலை செய்தவர்கள் என்றும், தாழ்ந்த ஜாதியாகக் கருதப்பட்டவர்கள் என்றும் எழுதியிருந்தார்கள். 2012இல் இதன்மேல் பெரிய கிளர்ச்சி எழுந்தது. கட்சி வித்தியாசம் இல்லாமல் தமிழ்நாட்டுத் தலைவர்கள் பலர் கண்டித்தார்கள். வழக்கு நடந்தது. 2016 டிசம்பரில் சி.பி.எஸ்.இ. வாரியம், அந்தப் பகுதியைப் பாடத்திலிருந்து விலக்கிவிட்டோம், அதிலிருந்து பரீட்சையில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019இல் பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்தப் பாடம் முழுவதையும், கூடவே வேறு இரண்டு பாடங்களையும் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

தோழர்களே! இதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். நீங்கள் வியாபாரம் தெரிந்தவர்கள். "குடியேறி வந்தவர்கள்" என்று எழுதியது தப்பு என்றால், ஆதாரத்தைக் காட்டி அந்த வரியைத் திருத்தச் சொல்லுவது நியாயம். அது சரித்திரக்காரன் ஒப்புக் கொள்ளக் கூடிய வழக்கு. ஆனால் நடந்தது என்ன? ஒரு வரிக்காகத் தொடங்கிய வழக்கில் ஒரு நூற்றாண்டுப் போராட்டமே காணாமல் போயிற்று. மார்பை மறைத்ததற்காக அடிபட்ட பெண்களின் பெயரில்லாத வீரம், டில்லியிலும் பாட்னாவிலும் படிக்கிற பிள்ளைக்கு இப்போது தெரியாது. அடித்தவனைப் பற்றியும் தெரியாது. அவமானப்படுத்தியவன்மீது எழுதப்பட்டிருந்த குற்றப் பத்திரிகையை அவமானப்பட்டவனே கிழித்துக் கொடுத்த மாதிரி இது முடிந்துவிட்டது. அடித்தவன் பேரப்பிள்ளைகள் நமக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பனையேறுவது இழிவா?

இன்னொன்று கேட்கிறேன். கோபித்துக் கொள்ளக் கூடாது. "பனையேறி" என்று எழுதியதும் ஏன் சுருக்கென்று தைக்கிறது? பனையேறுவது திருட்டா? பொய்யா? நாற்பது அடி, ஐம்பது அடி மரத்தில் நெஞ்சைத் தேய்த்துக் கொண்டு ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கிப் பதநீர் இறக்கினவன் உழைத்தவன். அந்தப் பதநீரைக் குடித்துவிட்டு, அதைக் காய்ச்சின கருப்பட்டியைத் தின்றுவிட்டு, ஏறினவனை எட்டி நில் என்று சொன்னவன் எவனோ அவனல்லவா வெட்கப்பட வேண்டும்? இழிவு ஏறினவன் தலையில் இல்லை, எட்டி நிற்கச் சொன்னவன் நாக்கில் இருக்கிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் "நம் பாட்டன் பனையேறவே இல்லை, அவன் ராஜா வம்சம்" என்று சொல்லிக் கொடுத்தால், உழைப்பு இழிவு என்று சொன்னவனுடைய வாதத்தை நாமே ஒப்புக் கொண்டவர்களாகிறோம்.

இந்த ஊரில் 1889இல் ஏற்பட்ட பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியாலும் மகமைப் பணத்தாலும் வளர்ந்த கல்வி அது. காமராசர் படித்த பள்ளிக்கூடம் அது. ஆனால் அதற்கு வைத்த பெயர் க்ஷத்திரிய வித்தியாசாலை. கட்டடம் சுயமரியாதையின் கட்டடம்; பெயர்ப்பலகை மட்டும் மனுவின் அகராதியிலிருந்து எடுத்தது. "நீ கீழ்" என்று ஒருவன் சொன்னால், "மேல் கீழ் என்பதே பொய்" என்பது ஒரு பதில். "நான் கீழல்ல, இரண்டாம்படி" என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைச் சொன்ன உடனே மூன்றாம்படி, நான்காம்படி, படிக்கே வராதவன் என்று எல்லோரையும் ஒப்புக் கொண்டதாக ஆகிவிடவில்லையா? அந்தக் காலத்தில் நெருக்கடி அப்படி. அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. இந்தக் காலத்தில் நாம் எந்தப் பதிலைச் சொல்லப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஓர் அமெரிக்கக் கதையும் ஒரு சிதம்பரத்துக் கதையும்

நிற்க, இந்தத் தகராறு நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் மார்க் ட்வைன் என்பவர் எழுதி 1885இல் அங்கு வெளியான ஹக்கிள்பெரி ஃபின் என்ற கதைப் புத்தகம் இருக்கிறது. அதில் கறுப்பு மக்களை இழித்துக் கூப்பிடும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. இந்தப் புத்தகத்தைப் பள்ளியில் வைக்கலாமா என்று அங்கே பல பத்து வருஷங்களாகச் சண்டை. 1957இல் நியூயார்க் நகரத்துக் கல்வி அதிகாரிகள் அதைப் பாடப் புத்தகப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2011இல் ஒரு பேராசிரியர், அந்தச் சொல் வந்த இடமெல்லாம் "அடிமை" என்று மாற்றிப் போட்டு ஒரு பதிப்பே கொண்டு வந்தார்.

அந்தக் கதையின் விஷயம் என்ன? ஒரு வெள்ளைக்காரப் பையனும், ஓடிவந்த ஓர் அடிமையும் ஒரே கட்டுமரத்தில் போகிறார்கள். ஓடிவந்த அடிமையைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது பாபம், நரகம் கிடைக்கும் என்று அந்தப் பையனுக்கு ஊரும் மதமும் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. காட்டிக் கொடுக்கக் கடிதமும் எழுதிவிடுகிறான். பிறகு அந்த மனிதன் தன்னிடம் காட்டிய அன்பை நினைத்துப் பார்த்து, நரகமானாலும் சரியென்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். மதம் சொன்னதைவிட மனிதன் பெரிது என்று ஒரு பையனுக்குத் தோன்றுகிறது. நம் மேடையில் பேச வேண்டிய விஷயம் அது! அந்த அடிமையைச் சில இடங்களில் வேடிக்கைப் பொருளாக்கியிருக்கிறார் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. அதையும் வகுப்பில் சொல்லட்டும்.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வாருங்கள். நந்தன் கதை எல்லோருக்கும் தெரியும். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். பிறகு மேடையில் வந்தது, கதாகாலட்சேபத்தில் வந்தது, சினிமாவில் வந்தது. பாட்டு இனிமை, பண் இனிமை. கேட்டால் கண்ணில் நீர் வரும். ஆனால் கதையின் முடிவு என்ன? சிதம்பரம் கோயிலுக்குள் போக ஆசைப்பட்ட ஓர் உழைப்பாளி, நெருப்பில் விழுந்து எழுந்து, பூணூலோடு வெளியே வந்த பிறகுதான் உள்ளே போகிறான். அதாவது அவன் அவனாகவே போக முடியாது. அவன் பிறந்த உடம்பு எரிய வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு "பக்தியின் பெருமை" என்று சொல்லிக் கொடுத்தால், அதில் எந்த இழிசொல்லை அடித்து எடுத்துவிட்டால் விஷம் போகும்? எல்லாச் சொல்லையும் மரியாதையாக மாற்றி எழுதினாலும் நெருப்பு அங்கேயே எரிந்து கொண்டிருக்கும்.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். ஒன்றில் சொல் அசுத்தம், கருத்து சுத்தம். மற்றொன்றில் சொல் இனிப்பு, கருத்து நஞ்சு. புத்தகத்தில் இழிசொல் எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பாடமாக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவன், தராசை விட்டுவிட்டு மூட்டையின் நிறத்தைப் பார்த்துச் சரக்கு வாங்குகிற வியாபாரிக்குச் சமானம். இந்த ஊரில் அப்படி ஒருவன் மிளகாய் வாங்கினால் எத்தனை நாள் கடை நடத்துவான்? சொல்லை எண்ணாதே, அந்தப் பாடம் கொடுமையைக் கொடுமை என்று காட்டுகிறதா, தர்மம் என்று காட்டுகிறதா, அதை எடைபோடு என்கிறேன்.

அடித்தவன் கையெழுத்து

"அப்படியானால் நஞ்சுள்ள புத்தகத்தையெல்லாம் ஒளித்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். அதுவும் கூடாது. ஏன் என்றால் அது அடித்தவன் கையெழுத்து. கையெழுத்தை ஒளித்துவிட்டால் நாளைக்கு "நான் அடிக்கவே இல்லை" என்பான்.

கால்டுவெல் பாதிரியாரைப் பாருங்கள். 1856இல் அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை நாம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். தமிழ் சமஸ்கிருதத்தின் பிள்ளையல்ல என்பதை ஐரோப்பியப் படிப்பாளிகள் ஒப்புக் கொள்ளும்படி எடுத்துக் காட்டினார். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். அதே கால்டுவெல் 1849இல் "திருநெல்வேலிச் சாணார்கள்" என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் இந்த மக்களை அறிவிலும் நடத்தையிலும் தாழ்த்திக் கேவலமாக எழுதினார். இந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. மறுப்பு எழுதினார்கள், விண்ணப்பம் போட்டார்கள், அந்தப் புத்தகத்தை எதிர்த்துப் பெரிய கிளர்ச்சியே செய்தார்கள்.

இப்போது பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? 1856ஐ மட்டும் சொல்லி 1849ஐ மறைத்தால் அது பூஜை. 1849ஐ மட்டும் சொல்லி 1856ஐ மறைத்தால் அது பழிக்குப் பழி. இரண்டையும் சொல்லி, இவற்றுக்கு எதிராக நம்மவர்கள் எழுதிய மறுப்பையும் கூட வைத்தால்தான் அது படிப்பு. ஒரு பெரிய படிப்பாளியும் தன் காலத்துத் திமிரில் வழுக்கி விழலாம் என்பதும், பெயர் தெரியாத சாதாரண ஜனங்கள் அவரை எதிர்த்துச் சரியாகப் பேசலாம் என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

புத்தகத்தைவிட மோசமான ஒன்றைச் சொல்லுகிறேன். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். இராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டார். மதுரைக் கோர்ட்டில் தோற்றார்கள், சென்னை ஹைக்கோர்ட்டில் தோற்றார்கள், லண்டன் பிரிவி கவுன்சிலில் 1908இல் தோற்றார்கள். நடுவில் 1899 ஜூன் 6ஆம் தேதி, கோயில் தகராறின் பேரில் சிவகாசியே தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. "இவர்கள் நுழைந்தால் கோயில் தீட்டு" என்கிற வாதத்துக்கு லண்டன் முத்திரை விழுந்தது. 31 வருஷம் கழித்து, 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆதிதிராவிடத் தோழர்களும் நாடார்களும் சேர்ந்து போனார்கள். தூண் சாயவில்லை, கோபுரம் இடியவில்லை. மூன்று கோர்ட்டு ஒப்புக் கொண்ட தீட்டு எங்கே போயிற்று?

அந்தத் தீர்ப்புகளில் இருக்கிற பாஷை எந்தக் கதைப் புத்தகத்தில் இருக்கிற இழிசொல்லையும்விடக் கடுமையானது. ஏனென்றால் கதைக்காரன் சொல்லோடு நிறுத்திக் கொள்கிறான். நீதிபதியின் சொல் போலீசோடு வருகிறது. அதை விருதுநகர்ப் பள்ளிக்கூடத்து மேல்வகுப்பில் வாசிக்க வேண்டும் என்கிறேன். சட்டம் என்றால் நியாயம் என்று நினைத்துக் கொண்டிருக்கும் பையனுக்கு அதைவிட நல்ல பாடம் எது?

நம் இயக்கத்தின் வழக்கமும் இதுதான். 1927 டிசம்பர் 25ஆம் தேதி மகாட் என்ற ஊரில் அம்பேத்கர் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். ஆனால் மனுவை அவரைப்போல் வரிவரியாகப் படித்தவர் யார்? 1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்று சென்னையிலும் சேலத்திலும் நடந்த வாதத்தில், அண்ணாதுரை ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் நேருக்கு நேர் நின்று பேசினார். எதிராளிகள் தமிழ்க் கடல்கள். படிக்காமல் அந்த மேடையில் ஏற முடியுமா? கொளுத்தச் சொன்னவர்கள் படித்துவிட்டுத்தான் கொளுத்தச் சொன்னார்கள். படிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லுவது மனுவின் வேலை. அது நம்முடைய வேலை அல்ல.

இன்று வழங்கும் பெயர் வேறு

ஒரு வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். அன்று எவனோ சொன்ன சொல் வேறு. இன்று சர்க்காரும் பள்ளிக்கூடமும் நாமும் வாயால் வழங்குகிற சொல் வேறு. முன்னது சாட்சியம், அதை வைத்திருக்க வேண்டும். பின்னது நடவடிக்கை, அதை உடனே மாற்ற வேண்டும்.

1921இல் சென்னை சர்க்கார் தன் கணக்குகளில் பழைய பெயரை விட்டு "நாடார்" என்று எழுத உத்தரவு போட்டது. 1922இல் எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டு வந்த தீர்மானத்தின் பேரில் "ஆதிதிராவிடர்" என்ற பெயர் சர்க்கார் பெயராயிற்று. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்றது. அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். இரண்டு வருஷம் கழித்து, 1931இல் மூன்றாவது மாகாண மாநாடு இந்த விருதுநகரிலேயே கூடிற்று. 2025 ஏப்ரலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடியிருப்புகளைக் குறிக்கும் "காலனி" என்ற சொல்லைச் சர்க்கார் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். இவையெல்லாம் சரியான காரியங்கள். தெருப் பலகை, பள்ளிப் பதிவேடு, உபாத்தியாயர் கூப்பிடும் பெயர் ஆகியவை இன்றைய மனிதன் இன்றைய மனிதனுக்குச் செய்கிற மரியாதை. அதற்கும் பழைய புத்தகத்தைத் திருத்துவதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பழைய அழுக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். பறை அடித்தவர்களின் ஜாதிப் பெயரை வெள்ளைக்காரன் எடுத்துக் கொண்டு போய், ஊரால் ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் "பரையா" என்று இங்கிலீஷ் அகராதியில் சேர்த்துவிட்டான். இன்றைக்கும் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு தேசத்தை ஒதுக்கி வைத்தால் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். சிவகாசியில் இங்கிலீஷ் படிக்கும் பிள்ளை அதை நாகரிகமான வார்த்தை என்று மனப்பாடம் செய்கிறது. அது எங்கிருந்து போன வார்த்தை என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பார் உண்டா?

பிள்ளையின் வலி

இவ்வளவு சொன்ன பிறகு, "பேசுவது சுலபம், அந்தச் சொல்லை வகுப்பில் கேட்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் தெரியுமா?" என்று ஒரு தாய் கேட்டால், அவளுக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. அந்த ஆக்ஷேபணைதான் உண்மையான ஆக்ஷேபணை. ஜாதிச் சங்கத் தலைவர்களின் கோபம் வேறு. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரே பிள்ளையாய் உட்கார்ந்திருந்து, அந்தச் சொல் வரும்போது எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்புவதைப் பார்க்கிற குழந்தையின் வேதனை வேறு. அமெரிக்காவில் கறுப்புத் தாய் தகப்பன்மார் ஆக்ஷேபித்ததும் இதற்காகத்தான். அதை இலக்கிய ரசனை இல்லாதவர்களின் கூச்சல் என்று தள்ளுகிறவன் மனிதத்தன்மை இல்லாதவன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட ஜாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பேரில் நீதிபதி சந்துரு தலைமையில் சர்க்கார் ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பையன்கள் ஜாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக் கொண்டு வருவதைத் தடுக்க வேண்டும் என்று அவர் எழுத வேண்டியிருந்தது. வெட்டின பையன்கள் ஜாதியை எந்தப் பழைய இலக்கியத்தில் படித்துக் கற்றார்கள்? வீட்டில் கற்றார்கள், தெருவில் கற்றார்கள், கல்யாணத்திலும் திருவிழாவிலும் கற்றார்கள். புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிட்டோம். பையன் மணிக்கட்டிலிருந்து கயிற்றை எடுக்க முடியவில்லை! ஜாதி என்ன செய்தது என்று பள்ளிக்கூடம் சொல்லாமல் வாயை மூடிக் கொண்டால், ஜாதிக்காரன் சொல்லுவதுதான் பையனுக்குப் பாடம்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பட்டாசு மருந்தைப் பற்றித் தெரியும். மருந்து ஆபத்தென்று யாரும் அதைப் படுக்கைக்கு அடியில் ஒளிப்பதில்லை. பழகின சரக்குத்தானே என்று அடுப்பங்கரையில் வைப்பதுமில்லை. தனி அறை, கொஞ்சம் அளவு, தெரிந்த கை, மோதல் உராய்வு இல்லாத ஏற்பாடு. அதில் அலட்சியம் செய்தால் என்னவாகும் என்பதை இந்த வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் கண்ணீரோடு தெரிந்து வைத்திருக்கின்றன! இழிசொல் உள்ள புத்தகத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

முதலாவது, சிறு வகுப்புகளுக்கு வேண்டாம். யோசிக்கக் கூடிய மேல்வகுப்புகளுக்கு வைக்கட்டும். இரண்டாவது, பாடத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே இந்தச் சொல்லை யார், எப்போது, எந்த லாபத்துக்காகச் சொன்னான் என்று உபாத்தியாயர் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, எந்தப் பிள்ளையையும் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொல்லக் கூடாது. பரீட்சையில் அதை எழுதச் செய்து மார்க் போடவும் கூடாது. நான்காவது, இழிவுபடுத்தியவன் எழுத்துக்குப் பக்கத்திலேயே இழிவுபட்டவன் எழுத்தும் இருக்க வேண்டும். கால்டுவெல் இருந்தால் மறுப்பும் இருக்க வேண்டும். நந்தன் கதை இருந்தால், நெருப்பு எதற்கு என்ற கேள்வியும் இருக்க வேண்டும். ஐந்தாவது, கொடுமையைத் தர்மம் என்று சொல்லும் பாட்டைச் செய்யுள் மனப்பாடமாக வைக்கக் கூடாது. அது சாட்சியமாக வரட்டும், பிரார்த்தனையாக வர வேண்டாம். ஆறாவதும் முக்கியமானதும் என்னவென்றால், இதைச் சொல்லிக் கொடுக்கிற உபாத்தியாயரை இதற்கென்று தயார் செய்ய வேண்டும். பையனின் ஜாதியைத் தெரிந்து கொண்டு பெஞ்சு ஒதுக்குகிற உபாத்தியாயர் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அது தீப்பொறிதான்.

நம் வாயிலிருந்து

கடைசியாக ஒன்று. 2012இல் ஒரு வரிக்காக மனம் கொதித்தவர்கள் கொதித்தது தப்பல்ல. ஆனால் அந்தக் கொதிப்பு தன் ஜாதியின் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டால் அதற்குச் சுயமரியாதை என்று பெயரில்லை, ஜாதி அபிமானம் என்றுதான் பெயர். கோபம் வந்தால் அருந்ததியத் தோழர்களின் பழைய ஜாதிப் பெயரை வசவாக உபயோகிக்கிற வாய்கள் நம் கடைத் தெருவில் இல்லையா? குடிசை, சேரி என்பதை அசிங்கத்துக்கு உவமை சொல்லுகிற பழமொழிகள் நம் வீடுகளில் இல்லையா? நம் பிள்ளை படிக்கும் புத்தகத்தில் நம்மைப் பற்றிய சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, நம் வாயிலிருந்து விழுகிற சொல் ஏன் தெரியவில்லை?

இந்த நாட்டுக்குக் காலண்டரும் நோட்டும் புத்தகமும் அச்சடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. அடுத்த தலைமுறை எதைப் படிக்கும் என்பதில் இந்த வட்டாரத்துக்குத் தொழில் முறையிலேயே சம்பந்தம் இருக்கிறது. ஆகையால் அந்தத் தோள்சீலைப் பாடத்தைத் தப்பு நீக்கித் திரும்ப வைக்கச் சொல்லி முதல் விண்ணப்பம் இந்த ஊரிலிருந்தே போக வேண்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறேன். அதில் அடிபட்ட பெண்களும் இருக்கட்டும், அடித்தவர்களும் இருக்கட்டும், பனையும் இருக்கட்டும். கூடவே கமுதி வழக்கும், சிவகாசி 1899ம், அதற்குப் பிறகு கோயிலுக்குள் நுழைந்த தாழ்த்தப்பட்ட தோழர்களின் சரித்திரமும் இருக்கட்டும்.

நான் சொன்னதையெல்லாம் மேடையில் சொல்லப்பட்டது என்பதற்காக யாரும் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். இருப்பதையும் பாருங்கள், எடுத்துவிட்டதையும் விசாரியுங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.